டிஸ்னி ட்ரிப்புக்கு டைம்ஷேர் வாடகைக்கு எடுக்கறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ராத்திரி ஒன்பதரை மணி, அமெரிக்காவுல டிஸ்னி வேர்ல்டு இருக்கற ஆர்லாண்டோல ஒரு ரிசார்ட் லாபி. பொண்ணு எங்க வீட்டுக்காரர் தோள்லயே தூங்கிட்டா, பையன் பசிக்குதுன்னு அழறான், தஞ்சாவூர்லேர்ந்து வந்திருந்த அப்பா முட்டி வலி தாங்காம பெட்டி மேலயே உக்காந்துட்டார். கவுண்டர்ல இருந்தவங்க மூணாவது தடவையா என் பேருக்கு ஸ்பெல்லிங் கேட்டு தட்டிப் பாத்துட்டு "இந்த பேர்ல புக்கிங் இல்லையே மேடம்"னு சொல்றாங்க. அம்மா பக்கத்துல வந்து மெதுவா "ஏன்டி, முழுப் பணமும் குடுத்துட்டியா?"ன்னு கேட்டாங்க. குடுத்துட்டேன். புக்கிங்கும் இருந்துச்சு, ஆனா எங்களுக்கு வாடகைக்கு விட்ட ஓனர் பேர்ல இருந்துச்சு, எங்க பேரை கெஸ்ட்டா சேக்க அவர் மறந்துட்டார், ஃபோனையும் எடுக்கல. அவர் எடுத்து, ரிசார்ட்டுக்கு சொல்லி, எங்க கைக்கு சாவி வர்றதுக்கு பதினொன்றே முக்கால் ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் மூணு தடவை டைம்ஷேர் எடுத்துதான் போயிருக்கோம், ஒரு பிரச்சனையும் இல்ல. ஊர்லேர்ந்து அம்மா அப்பா வர்றப்போ ஆறு பேருக்கு ஒரே வீடு மாதிரி, கிச்சனோட, ஹோட்டல் ரெண்டு ரூம் விலைய விட கம்மியா கிடைக்கறது இதுலதான். அதனால வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன். நாங்க பட்டதை நீங்க படாதீங்கன்னுதான் இவ்ளோ விவரமா எழுதறேன்.

முதல்ல இது எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும். ஒரு ஃபேமிலி ஒரு ரிசார்ட்ல வருஷத்துக்கு ஒரு வாரம், இல்லன்னா வருஷத்துக்கு இவ்ளோ பாயின்ட்னு காசு போட்டு வாங்கி வெச்சிருப்பாங்க. போனாலும் போகலைன்னாலும் வருஷா வருஷம் மெயின்டெனன்ஸ் கட்டணும், அதனால போக முடியாத வருஷம் அதை வாடகைக்கு விடறாங்க. டிஸ்னியோடது டிஸ்னி வெக்கேஷன் கிளப், எல்லாரும் டிவிசின்னு சொல்வாங்க, 1991ல ஓல்ட் கீ வெஸ்ட் ரிசார்ட்லதான் ஆரம்பிச்சது, முழுக்க பாயின்ட் கணக்கு, தங்கற ஒவ்வொரு ராத்திரிக்கும் இவ்ளோ பாயின்ட்னு கழிச்சுப்பாங்க. டிஸ்னிக்கு வெளியில ஆர்லாண்டோ, கிஸ்ஸிமி பக்கம் மேரியட், ஹில்டன், விண்டம்னு நிறைய இருக்கு. எதுவா இருந்தாலும் ஹோட்டல் புக்கிங்குக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரிசார்ட்டைப் பொறுத்தவரைக்கும் கஸ்டமர் ஓனர்தான், நீங்க அவரோட விருந்தாளி, அவ்ளோதான். தேதி மாத்தணும், ஒரு பேரைச் சேக்கணும், கேன்சல் பண்ணணும்னா எல்லாத்துக்கும் ஓனர்தான் கூப்பிடணும், நீங்க எவ்ளோ கெஞ்சினாலும் ரிசார்ட்ல கேக்க மாட்டாங்க.

அதனால பணம் குடுத்ததோட வேலை முடிஞ்சதுன்னு உக்காராதீங்க. கன்ஃபர்மேஷன் வந்த உடனே கூட வர்ற அத்தனை பேர் பேரும், கைக்குழந்தை உட்பட, பாஸ்போர்ட்லயோ லைசென்ஸ்லயோ இருக்கற மாதிரியே ஏறியிருக்கான்னு பாருங்க. நம்ம ஊர் பேர்ல இனிஷியல், அப்பா பேர், கடைசி பேர்னு மாறி மாறி வரும், அதுலதான் குழப்பம். டிவிசின்னா அந்த கன்ஃபர்மேஷன் நம்பரை டிஸ்னி ஆப்ல நீங்களே லிங்க் பண்ணிப் பாக்கலாம், அது லிங்க் ஆச்சுன்னாலே பாதி நிம்மதி. வெளி ரிசார்ட்டுன்னா கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஃப்ரண்ட் டெஸ்க்குக்கு ஃபோன் போட்டு என் பேர்ல செக்-இன் இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாங்க அந்த ஒரு ஃபோனை பண்ணியிருந்தா அப்பா பெட்டி மேல உக்காந்திருக்க வேண்டாம்.

லிங்க் பண்றதுல இன்னொரு பலனும் இருக்கு. டிஸ்னி ரிசார்ட்ல தங்கறவங்களுக்கு செக்-இன்னுக்கு 60 நாள் முன்னாடியே, பத்து நாள் வரைக்கும் மொத்த ஸ்டேக்கும் சேத்து ரெஸ்டாரன்ட் புக் பண்ண முடியும். லைட்னிங் லேன் மல்டி பாஸ், அதாவது காசு கட்டி க்யூவைக் குறைக்கறது, ரிசார்ட்ல தங்கறவங்களுக்கு 7 நாள் முன்னாடியே திறக்கும், வெளியில தங்கறவங்களுக்கு 3 நாள்தான். காலைல பார்க்குக்குள்ள அரை மணி நேரம் முன்னாடி விடறதும் உண்டு. பாயின்ட் வாடகைக்கு எடுத்து வர்றவங்களுக்கும் இதெல்லாம் அப்படியே கிடைக்கும், ஆனா பேர் ஏறலைன்னா கிடைக்காது. ஆறு பேர்ல நாலு பேர் பேரை மட்டும் போட்டுட்டு தாத்தா பாட்டியை அங்க போய் சேத்துக்கலாம்னு விட்டுடாதீங்க.

அடுத்தது பணம் விஷயம், இதுல கொஞ்சம் நிதானமா இருங்க. விலை ரொம்ப கம்மியா இருந்தா, Zelleல (பேங்க் அக்கவுன்ட்லேர்ந்து நேரா பணம் அனுப்பற வசதி) அனுப்புங்க இல்லன்னா கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் சொல்லுங்கன்னு கேட்டா அங்கயே நிறுத்திடுங்க, நீங்களா அனுப்பின Zelle பணத்தை திருப்பி வாங்கறது ரொம்ப கஷ்டம். கிரெடிட் கார்டு எடுத்துக்கற வழியாப் பாருங்க, எழுத்துல ஒப்பந்தம் வாங்குங்க. நேரா ஓனர்கிட்டயே எடுக்கறீங்கன்னா அவர் உண்மையிலேயே ஓனரான்னு நீங்களே பாத்துக்க முடியும், இது நிறைய பேருக்குத் தெரியல. டிவிசி வாங்கறது சொத்து வாங்கற மாதிரி டீட், அதாவது பத்திரம், பதிவாகும், ஃப்ளோரிடா ரிசார்ட்டுகள்ல பெரும்பாலானது ஆரஞ்ச் கவுண்டி காம்ப்ட்ரோலர் (அங்க பத்திரம் பதியற அரசாங்க ஆபீஸ்) ரெக்கார்ட்ல ஆன்லைன்லயே, காசில்லாம, பேரைப் போட்டுத் தேடலாம். அதுல பேர் வரலைன்னா ஏன்னு அவர்கிட்டயே கேளுங்க, உண்மையான ஓனர் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்.

புரோக்கர் மூலமாவும் எடுக்கலாம், பாயின்ட்டுக்கு ரெண்டு மூணு டாலர் கூட ஆகும், ஆனா நடுவுல ஒரு ஆள் பொறுப்புல இருக்கற தைரியம் இருக்கும். முதல் தடவை போறவங்க அந்த காசைப் பாக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். இன்னொண்ணு, ஆர்சிஐ, இன்டர்வெல் இன்டர்நேஷனல்னு ஓனருங்க தங்களோட வாரத்தை வேற ரிசார்ட் வாரத்துக்கு மாத்திக்கற எக்ஸ்சேஞ்ச் கம்பெனிகள் வழியா மாத்தி வாங்கின வாரத்தை வாடகைக்கு விடக்கூடாதுன்னு அவங்க ரூல்லயே இருக்கு. அப்படி விட்டது தெரிஞ்சா புக்கிங்கையே கேன்சல் பண்ண முடியும். "இது உங்க சொந்த வாரமா, எக்ஸ்சேஞ்சா?"ன்னு ஒரு கேள்வி கேட்டுடுங்க.

கேன்சலேஷன் பத்தி யாரும் முன்னாடியே யோசிக்கறதில்ல. டிவிசில செக்-இன்னுக்கு 30 நாளுக்குள்ள கேன்சல் பண்ணா ஓனரோட பாயின்ட் ஹோல்டிங் அக்கவுன்ட்னு ஒண்ணுல போய் உக்காந்துக்கும், அதை வெச்சு 60 நாளுக்குள்ள வர்ற தேதிக்கு மட்டும்தான் புக் பண்ண முடியும், அவருக்கு அது கிட்டத்தட்ட வேஸ்ட். அதனாலதான் பெரும்பாலும் வாடகை பணம் திரும்ப வராதுன்னு ஒப்பந்தத்துலயே போட்டுடறாங்க, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. எக்ஸ்பயர் ஆகப் போற பாயின்ட்டுன்னு சீப்பா குடுக்கறவங்களும் உண்டு, நல்ல டீல்தான், ஆனா தேதி மாத்தற பேச்சே இருக்காது. எங்க வீட்ல அம்மா அப்பாவுக்கு விசா ஸ்டாம்ப் ஆகி கைக்கு வர்ற வரைக்கும் நான் எதையும் புக் பண்றதில்ல, விசா தேதிய நம்பி முன்னாடியே கட்டி மொத்தத்தையும் விட்டவங்களை எனக்குத் தெரியும். ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வரைக்கும் புயல் சீசன் வேற. ஃப்ளைட் கேன்சல் ஆனா ஓனர் பணம் தர மாட்டார், டிராவல் இன்சூரன்ஸ்தான் கை குடுக்கும், அதையும் புயலுக்கு பேர் வெச்சதுக்கப்புறம் வாங்கினா அந்த புயலுக்கு செல்லாது, வாடகை கட்டின உடனேயே வாங்கிடுங்க.

லேட்டா தேடறதும் ஒரு தப்பு. டிவிசி ஓனருக்கு ஹோம் ரிசார்ட்டுன்னு ஒண்ணு இருக்கும், அங்க 11 மாசம் முன்னாடியே புக் பண்ணலாம், மத்த ரிசார்ட்டுக்கு 7 மாசம்தான். கிறிஸ்துமஸ் லீவுக்கு எப்காட் பார்க் பக்கத்துல நடந்து போற தூரத்துல இருக்கற போர்ட்வாக் ரிசார்ட் வேணும்னா, போர்ட்வாக்கையே ஹோம் ரிசார்ட்டா வெச்சிருக்கறவரைத் தேடிப் பிடிச்சு அந்த 11 மாசத்துலயே போடச் சொல்லணும். அக்டோபர்ல வந்து டிசம்பருக்குக் கேட்டா மிச்சம் இருக்கறதுதான் கிடைக்கும். வெள்ளி, சனி ராத்திரிக்கு பாயின்ட் அதிகம்ங்கறதால ஞாயித்துக்கிழமை இறங்கி வெள்ளிக்கிழமை கிளம்பற மாதிரி போட்டா கணிசமா குறையும். வெளி ரிசார்ட்ல வாரக் கணக்குன்னா சனிக்கு சனின்னு கட்டாயமா இருக்கலாம், ஃப்ளைட் டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே அதைக் கேளுங்க.

ரூம் விஷயத்துல ஏமாந்து போறது இந்த "நாலு பேர் தங்கலாம்"ங்கறதுலதான். ஸ்டுடியோன்னா ஒரே ரூம், ஒரு பெரிய கட்டில், ராத்திரி இழுத்துப் போடற ஒரு கட்டில், மைக்ரோவேவ், குட்டி ஃப்ரிட்ஜ், அவ்ளோதான், அடுப்பு கிடையாது. கூட மாமனார் மாமியார் இருந்தா யாருக்கும் தூக்கம் வராது. அடுப்பு, பெரிய ஃப்ரிட்ஜ், ரூமுக்குள்ளயே வாஷிங் மெஷின் எல்லாம் ஒரு பெட்ரூம்லேர்ந்துதான். ஆறு பேருன்னா ரெண்டு பெட்ரூம் எடுங்க. டெய்லி வந்து பெட் போடுவாங்கன்னும் எதிர்பாக்காதீங்க, டிவிசில நாலாவது நாள் குப்பை எடுத்துட்டு டவல் மாத்திக் குடுப்பாங்க, ஒரு வாரத்துக்கு அதுதான். வெளி ரிசார்ட்ல ரிசார்ட் ஃபீ, பார்க்கிங், செக்-இன்ல கார்டுல பிடிச்சு வைக்கற டெபாசிட் இதெல்லாம் தனியா உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. பார்க் டிக்கெட் எந்த வாடகைலயும் சேராது, மூணு வயசுக்குக் கீழ இலவசம், பத்து வயசு ஆயிட்டா பெரியவங்க டிக்கெட்.

வியூங்கறதையும் கவனிங்க. அனிமல் கிங்டம் வில்லாஸ்ல சவானா வியூ எடுத்தா பால்கனிக்கு வெளிய ஒட்டகச்சிவிங்கி மேயும், ஸ்டாண்டர்ட் வியூ எடுத்தா பாயின்ட் கம்மி, ஆனா பார்க்கிங் லாட்கூட வரலாம். போன தடவை நாங்க சவானாதான் எடுத்தோம். விடியக்காலைல அப்பா ஸ்வெட்டர் போட்டுட்டு டபரா இல்லாத குறைக்கு பேப்பர் கப்புல காபியை ஆத்திக்கிட்டு வெளிய நின்னார், கீழ ஒரு ஒட்டகச்சிவிங்கி தலையை நிமித்தி அவரையே பாத்துச்சு, அவர் அசையவே இல்ல, காபி ஆறிப் போச்சு. அந்த கூடுதல் பாயின்ட்டுக்கு நான் வருத்தப்படவே இல்ல. அங்க கிடானி வில்லேஜ்ல சனான்னு ஒரு ரெஸ்டாரன்ட் இருக்கு, ஆப்பிரிக்க சமையல்ல இந்திய மசாலா வாசனை, நான் ரொட்டியும் சட்னியுமா தட்டு நிறைய வரும், வெஜிடேரியன் ஃபேமிலிக்கு பெரிய ஆறுதல்.

ஆனா பெரியவங்க கூட வந்தா நடைதூரத்தைப் பாக்காம எடுக்காதீங்க. ஓல்ட் கீ வெஸ்ட்ல ரூம் பெருசு, பாயின்ட்டும் சுமார், ஆனா நிறைய பில்டிங்ல லிஃப்ட் கிடையாது, மாடிப்படிதான். சரடோகா ஸ்ப்ரிங்ஸ் பரந்து கிடக்கும், பஸ் ஸ்டாப் மேல பஸ் ஸ்டாப். அனிமல் கிங்டம் வில்லாஸ்லேர்ந்து எங்க போகணும்னாலும் பஸ்தான். பே லேக் டவர்லேர்ந்து மேஜிக் கிங்டம் பார்க்குக்கு நடந்தே போயிடலாம், ரிவியேரா வாசல்லயே ஸ்கைலைனர் கேபிள் கார் இருக்கு. லிஃப்ட் பக்கம் ரூம் வேணும்னு ஓனர்கிட்ட ரிக்வெஸ்ட் போடச் சொல்லுங்க, கேரன்டி இல்ல, ஆனா கேட்டா பல தடவை குடுக்கறாங்க. ஏர்போர்ட்லேர்ந்து டிஸ்னி இலவச பஸ் விட்ட காலம் 2021ஓட முடிஞ்சு போச்சு, அதுக்கும் பட்ஜெட் வைங்க.

வெளி ரிசார்ட்ல தங்கறவங்களுக்கு இன்னொரு விஷயம். செக்-இன் முடிஞ்சதும் "பார்க்கிங் பாஸ் அந்த டேபிள்ல வாங்கிக்கோங்க"ன்னு அனுப்புவாங்க. அந்த டேபிள்ல சிரிச்ச முகமா ஒருத்தர், டிக்கெட் தள்ளுபடி தர்றோம், காலைல டிபன் சாப்பிட்டுக்கிட்டே தொண்ணூறு நிமிஷம் பேசலாம் வாங்கன்னு கூப்பிடுவார். ஒரு தடவை ஒரு ரிசார்ட்ல நாங்க போனோம், தொண்ணூறு நிமிஷம் நாலு மணி நேரமாச்சு, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து டைம்ஷேர் வாங்குங்கன்னு பேசறாங்க, குழந்தைங்களுக்கு ஒரு பார்க் நாளே போச்சு. பாஸை வாங்கிட்டு வேண்டாம்னு சொல்லி நகந்துடுங்க. ஒருவேளை அந்த வேகத்துல கையெழுத்தே போட்டுட்டீங்கன்னா பயப்படாதீங்க, ஃப்ளோரிடா சட்டப்படி பத்து நாளுக்குள்ள எழுத்துல குடுத்து ரத்து பண்ணலாம், எங்க அனுப்பணும்ங்கறது அந்த பேப்பர்லயே இருக்கும், ஊருக்குப் போய் பாத்துக்கலாம்னு விடாம அங்க இருக்கும்போதே அனுப்பிடுங்க.

கடைசியா கிச்சன். சட்டி, தட்டு, ஸ்பூன் எல்லாம் இருக்கும், நம்ம சாமான் இருக்காது. மஞ்சள், மிளகாய்த்தூள், கடுகு, பெருங்காயம், ஒரு கரண்டி, குட்டி ரைஸ் குக்கர், ஃபில்டர் காபி டிகாக்‌ஷனுக்கு வேண்டியது, இவ்ளோ எடுத்துட்டுப் போனா போதும், அரிசி தயிர் காய்கறி எல்லாம் அங்க டெலிவரியே வரும். தாளிக்கறதுக்கு முன்னாடி அடுப்பு மேல இருக்கற ஃபேனைப் போட்டு பால்கனி கதவைத் திறந்து விடுங்க. மிளகாய் வத்தல் புகைக்கு அலாரம் அடிச்சு, அம்மா கையில கரண்டியோட நடுங்கிப் போய் நின்னாங்க, அதுக்கப்புறம் ரசத்துக்கு வத்தலை விட்டுட்டு கடுகு மட்டும்தான் தாளிச்சோம்.