வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

காலை நாளிதழை விரித்தால் நடுவிலிருந்து ஒரு துண்டறிக்கை நழுவி விழுகிறது. '100 எம்பிபிஎஸ், மாதம் 499 ரூபாய் மட்டுமே.' அந்த 'மட்டுமே'க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ஜிஎஸ்டி தனி என்று தாளின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருப்பார்கள். 18 சதவீதம் சேர்ந்தால் 499 என்பது 589 ஆகிவிடும். இதுவாவது கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுகிற கணக்கு. நிறையப் பேர் ஏமாறுவது அந்த 100 என்ற எண்ணில்தான்.

எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற பிட் கணக்கு. கோப்புகளின் அளவோ பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி இறங்கும். 1 ஜிபி கோப்புக்கு 80 நொடி பிடிக்கும். தரவிறக்கம் 11, 12 என்று ஓடுவதைப் பார்த்து, "நூறு என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டுதான் தருகிறார்கள்" என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சண்டை போட வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன; இது அதில் சேராது.

அளவுக்கு மீறி வேகம் வாங்குவது இன்னொரு வகை. 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு திரைகளில் படம் ஓடி, ஒருவர் அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் இருந்து, பிள்ளை கைபேசியில் விளையாடினாலும் 100 தாராளம். 300க்குப் பணம் கட்டிவிட்டு, வீட்டுக்குள் வைஃபை தரும் பெட்டியான ரூட்டரை மட்டும் பழையதாகவே வைத்திருப்பது, ஆழ்துளைக் கிணறு போட்டு அரை அங்குலக் குழாயில் தண்ணீர் பிடிப்பது போன்றது. மலிவான ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குபவை. அந்த அலை சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு வைஃபைகளும் அதே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு செங்கல் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். இரண்டும் உள்ள ரூட்டரா என்று முதலிலேயே கேளுங்கள்.

அதை எங்கே மாட்டுவது என்பதை, பொருத்த வரும் பையனிடம் விட்டுவிடாதீர்கள். தெருப்பக்கச் சுவரில் துளை போட்டு, அந்தத் துளைக்குக் கீழேயே, செருப்பு அலமாரிக்கு மேல் மாட்டிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பத்து மீட்டர் கம்பி கூடுதலாக இழுத்து நடுக்கூடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வேகத்தைச் சோதிக்கும்போதும் வைஃபை இல்லாமல், ரூட்டரிலிருந்து நேரே வரும் லேன் கம்பியில் மடிக்கணினியைச் செருகிப் பாருங்கள். கம்பியில் 95 வந்து படுக்கையறையில் 20 வந்தால் குறை உங்கள் வீட்டுச் சுவரில்தான்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பழுது வந்தால் யார் வருவார் என்று கேட்காமல் பணம் கட்டுவது. நான் செய்ததே அதுதான். ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றார்கள், கட்டினேன். மூன்றாம் மாதம் ஆடிக் காற்றில் எதிர்வீட்டுத் தென்னையிலிருந்து மட்டை விழுந்து, தெருவின் குறுக்கே போன ஃபைபர் கம்பி அறுந்தது. பெட்டியில் இணைப்பு இருப்பதைக் காட்டும் 'பான்' விளக்கு அணைந்து, கம்பியில் ஒளி வரவில்லை என்று சொல்லும் 'லாஸ்' விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டத் தொடங்கியது. சேவை எண்ணை அழைத்தால், ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்கிறது பதிவுக் குரல். அறுந்த கம்பி தெருவில் தொங்குகிறது, நான் ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள்.

மாடியில் குடியிருப்பவர்களின் கம்பியும் அதே மட்டையில்தான் போனது. அவர்களுக்கு இணைப்பு தந்தவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் கேபிள்காரர். அன்று சாயங்காலமே ஏணியோடு வந்தார். கம்பியின் மேல்தோலைச் சீவி, முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையைத் துடைத்து, சின்ன இயந்திரத்தில் வைத்து ஒட்டி, அரைமணி நேரத்தில் முடித்துவிட்டுக் காபி குடித்துப் போனார்.

பெரிய நிறுவனத்தின் பெயரில் வரும் இணைப்பையும் பல ஊர்களில் உள்ளூர்க்காரர் ஒருவர்தான் பராமரிக்கிறார்; பிஎஸ்என்எல்லும் தனியார் பங்குதாரர்கள் வழியாக ஃபைபர் தருகிறது. அதனால் நிறுவனத்தின் பெயரைவிட உங்கள் தெருவின் ஆள் முக்கியம். அதே இணைப்பு உள்ள பக்கத்து வீட்டில் இரவு 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ் கொண்ட ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. பகல் 11 மணிக்கு எந்த இணைப்பும் பறக்கும். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். புகார் செய்தால் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அது வேண்டும்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்கும் வரம்பு உண்டு. பல திட்டங்களில் அது மாதம் 3,300 ஜிபி. நாளுக்கு 110 ஜிபி என்பதால் சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது. உள்ளூர்த் திட்டங்கள் சிலவற்றில் வரம்பு மிகச் சிறியது, அதைத் தாண்டியபின் வேகம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அந்த 2இல் வாட்ஸ்அப் ஓடும், வீட்டில் அமைதி ஓடாது.

இலவசமாக வரும் ஓடிடி செயலிகளுக்காகத் திட்டத்தை உயர்த்த வேண்டாம். ஏற்கெனவே கைபேசித் திட்டத்தில் அவை இருக்கக்கூடும். வீட்டில் சிசிடிவி வைத்து வெளியூரிலிருந்து பார்க்க நினைப்பவர்கள் பதிவேற்ற வேகத்தையும், இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் ஒரே முகவரியை நிறைய வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால் சில கேமராக்கள் வெளியிலிருந்து திறக்காது.

கடைசியாக மின்வெட்டு. ஃபைபர் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை, சிறிய யுபிஎஸ் ஒன்று போதும். ஆனால் உங்கள் கேபிள்காரர் தெருமுனைக் கம்பத்தில் மின்சாரத்தில் ஓடும் சுவிட்ச் பெட்டி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். வைத்திருந்தால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடி ரூட்டரின் எல்லா விளக்கும் எரிந்தாலும், கம்பத்துப் பெட்டிக்கு மின்சாரம் வரும்வரை இணையம் வராது.