ரெமிஷன் என்று டாக்டர் சொன்னதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்

என் பெரியப்பா பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்த கையோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். "எல்லாம் போயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரேடா" என்றார். டாக்டர் சொன்னது ரெமிஷன் என்ற ஒரு வார்த்தை. வீட்டில் நாங்கள் எல்லோருமே அதைக் குணமாகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டோம். ஐந்தாவது மாதம் டெஸ்ட்டில் நோயின் அளவைக் காட்டும் எண் மறுபடி ஏறியது.

அவருக்கு இருப்பது சிஎம்எல் என்கிற ரத்தப் புற்றுநோய். இதில் ரெமிஷன் என்றால், இப்போது செய்த பரிசோதனையில் நோய் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அல்லது தென்படவில்லை என்று அர்த்தம். எந்தப் பரிசோதனை என்பதுதான் முக்கியம். முதலில் வெள்ளணு எண்ணிக்கை சரியாகும், அப்புறம் எலும்பு மஜ்ஜையில் கோளாறான குரோமோசோம் மறையும், அதற்கும் கீழே இருப்பதை, ரத்தத்தில் நோயின் மரபணுத் தடயத்தைத் தேடும் பிசிஆர் டெஸ்ட்தான் காட்டும். பிசிஆர் எண்ணில் தொடக்க நிலையை 100 என்று வைத்துக்கொண்டால் 0.1 வரை இறங்குவது நல்ல நிலை, 0.0032 என்பது மிக ஆழமான நிலை. "பிளட் ரிப்போர்ட்தான் நார்மலா இருக்கே" என்று பிசிஆரைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய பேர், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வசதி.

முழுசாக நிறுத்தாவிட்டாலும் வாரத்தில் ஒன்றிரண்டு விட்டுப்போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. லண்டனில் 87 பேரின் மாத்திரைப் பாட்டில் மூடியில் சிப் வைத்து, எப்போது திறக்கிறார்கள் என்று மூன்று மாதம் கவனித்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், சாப்பிட வேண்டிய மாத்திரையில் 80 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட அந்த 0.1ஐத் தொடவில்லை. கண் இமை வீங்குகிறது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, குமட்டுகிறது என்று விடுகிறவர்களும் உண்டு. அந்தக் கஷ்டம் உண்மைதான், நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அதை டாக்டரிடம் சொன்னால் டாசாட்டினிப், நிலோட்டினிப் என்று மாற்று மருந்துகள் இருக்கின்றன.

சரி, இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் அதிக வருத்தம். ரெமிஷன்தானே, எப்படியும் திரும்பி வரத்தானே போகிறது என்று மனதை விட்டுவிடுவது. 2001இல் அமெரிக்காவில் இமாட்டினிப் என்கிற இந்த மாத்திரை அனுமதி பெறும்வரை இந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசியும் எலும்பு மஜ்ஜை மாற்றும்தான் முக்கிய வழி, பலர் சில வருடங்களே இருந்தார்கள். இன்று யாருக்கு மாத்திரை நன்றாக வேலை செய்கிறதோ அவர்கள் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே ஆயுள் முழுக்க வாழ்கிறார்கள். இமாட்டினிபுக்குக் காப்புரிமை கேட்ட வழக்கை 2013 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததால் இந்தியக் கம்பெனிகளின் விலை குறைந்த மாத்திரையும் தொடர்ந்து கிடைக்கிறது.

மாத்திரையை நிறுத்தவே முடியாதா என்று கேட்டால், சிலருக்கு முடியும். பிரான்சில் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் பிசிஆரிலும் ஒன்றும் தென்படாத 100 பேருக்கு நிறுத்திப் பார்த்தார்கள். சுமார் 40 சதவீதம் பேருக்குத் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆறேழு மாதத்துக்குள் திரும்பியது, மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் எண் இறங்கியது. அவர்கள் நிறுத்தியது டாக்டர்கள் கண்காணிப்பில், ஆரம்பத்தில் மாதாமாதம் பிசிஆர் எடுத்துக்கொண்டு. பெரியப்பா நிறுத்தியது யாருக்கும் சொல்லாமல்.

இதெல்லாம் சிஎம்எல் கணக்கு. மார்பகப் புற்றுநோய்க்கோ லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய்க்கோ இதை அப்படியே பொருத்தாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் கதையையும் உங்களுக்குப் பொருத்தாதீர்கள். டாக்டர் ரெமிஷன் என்றதும் கண் கலங்கும், கும்பிடத் தோன்றும், எழுந்து வந்துவிடுவோம். அப்படி வராமல் எந்த டெஸ்ட்டை வைத்துச் சொல்கிறீர்கள், எண் எவ்வளவு, அடுத்த டெஸ்ட் எப்போது, மருந்து தொடருமா என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

பெரியப்பா இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, தினசரி காலண்டர் தாளில் டிக் அடித்துவிட்டுத்தான் படுக்கிறார். போன டெஸ்ட்டில் 0.02.