எட்வர்டு காலத்து ஏழைக் குழந்தைகள்: வரலாற்றை வாசிப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழாம் எட்வர்டு ஆண்ட இங்கிலாந்தில் (1901–1910) ஒரு குழந்தை தரும இல்லத்தில் சேர்க்கப்பட்டது என்று படித்ததுமே, அதற்குத் தாயும் தந்தையும் இல்லை என்று முடிவுகட்டிவிடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. விதவைகளுக்கு அரசு ஓய்வூதியம் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே வந்தது என்பதால், கணவனை இழந்தவள் வேலைக்குப் போவதற்காகப் பிள்ளைகளில் ஒன்றிரண்டை இல்லத்தில் விட்டுவிட்டு மற்றவர்களைத் தன்னோடு வைத்துக்கொள்வதும் உண்டு.

வறுமை ஒன்றே தகுதி என்று எண்ணுவது அடுத்த தவறு. தாமஸ் பர்னார்டோ என்பவர் லண்டன் ஸ்டெப்னியில் தொடங்கிய பர்னார்டோ இல்லம், கதியற்ற எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்புவதில்லை என்று அறிவித்திருந்தது உண்மையே. ஆனால் வாட்ஃபோர்டில் இருந்த லண்டன் அநாதை இல்லம் போன்றவற்றில் இடம் பிடிக்கத் தேர்தலில் வெல்ல வேண்டும். இல்லத்துக்கு நன்கொடை தரும் சந்தாதாரர்களுக்கு அவரவர் தொகைக்கேற்ப ஓட்டுகள் உண்டு. தாயும் உறவினரும் குடும்பத்தின் நிலையை அட்டைகளில் அச்சிட்டு, முன்பின் அறியாத அந்தச் சந்தாதாரர்களுக்கெல்லாம் அனுப்பி ஆதரவு திரட்ட வேண்டும். தோற்றால் அடுத்த தேர்தலுக்கு மறுபடியும் அச்சுச் செலவு, தபால் செலவு. சோற்றுக்கே வழியில்லாதவள் இதில் எப்படி இறங்குவாள்? செல்வாக்குள்ள நண்பர்களைக் கொண்டிருந்து நொடித்துப்போன நடுத்தரக் குடும்பங்களுக்கே இம்முறை உதவியது.

கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கானது என்று பெயரளவில் பொருள்படும் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் என்ற லண்டன் குழந்தைகள் இல்லமோ கண்டெடுத்த குழந்தைகளை வளர்க்கவில்லை. வாசலில் கூடை தொங்கவிட்டு எல்லாக் குழந்தைகளையும் ஏற்றது 1756 முதல் 1760 வரை மட்டுமே. எட்வர்டு காலத்தில், மணமாகாத தாய் தானே மனுக் கொடுத்து, அது தன் முதல் குழந்தை என்றும், தந்தை கைவிட்டுவிட்டான் என்றும், அதுவரை தான் நன்னடத்தையோடு இருந்தவள் என்றும் நிறுவ வேண்டியிருந்தது.

கதியற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய ஒர்க்ஹவுஸ் என்பதை அநாதை இல்லம் என்று மொழிபெயர்ப்பதும் சரியன்று. அது உள்ளூர் வரிப்பணத்தில், ஏழையர் சட்டத்தின் கீழ் நடந்தது, நன்கொடையில் நடந்ததன்று.

பிள்ளையை இல்லத்தில் சேர்க்கும் ஒப்பந்தத்தில் தாய் கையெழுத்திட்டதைக் கொண்டு அவள் பிள்ளையை உதறிவிட்டாள் என்று தீர்ப்பெழுதுவது, என் பார்வையில், இவற்றுள் மிகக் கொடிய தவறு. பர்னார்டோ 1882 முதலே குழந்தைகளைக் குழுக்களாகக் கனடாவுக்கு அனுப்பிவந்தார். 1905இல் அவர் இறந்த பின்னும் அது நிற்கவில்லை. கடல் கடந்து அனுப்பச் சம்மதிக்கும் வாசகத்தையும் ஏற்றுக்கொண்டால்தான் பிள்ளைக்கு இன்று சோறும் படுக்கையும் என்ற நிலையில் இடப்பட்ட கையெழுத்து அது.

‘தத்துக் கொடுத்தார்’ என்று எழுதுபவர்கள், இங்கிலாந்தில் தத்தெடுப்புக்குச் சட்டம் 1926இல்தான் வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆகவே 1907இல் வேறொரு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு நீதிமன்றத் தத்து ஆணையைத் தேடுவது வீண். ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடலில் சேர்ந்த பிள்ளையைத் தாய் வைத்த பெயரிலேயே தேடினாலும் கிடைக்காது. உள்ளே எடுத்ததும் ஞானஸ்நானம் கொடுத்து வேறு பெயர் சூட்டிவிடுவார்கள்.