குளிர்காலத்தில் ஆற்றில் தூண்டில் போட இரண்டு பேராகப் போங்கள், தாமதமாகப் போங்கள்

கோடையில் விடியலுக்கு முன்பே கரையில் இருந்து பழகியவர்கள் குளிர்காலத்திலும் இருட்டோடு எழுந்து ஓடுவார்கள். நானும் நண்பனும் பல வருடம் அப்படி ஓடி, பத்து மணி வரை விரல் விறைத்து உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். மீனின் உடம்புச் சூடு தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசி குறையும், இரை தேடி அலையவும் அலையாது. வெயில் ஏறித் தண்ணீரில் ஒரு டிகிரி கூடினால்தான் வாய் திறக்கும். 11 மணிக்குப் போய் 3 மணிக்குத் திரும்பினால் போதும்.

இடம்தான் பாதி வேலை. வேகமாக ஓடும் தண்ணீரை எதிர்த்து நிற்க இப்போது மீனுக்குத் தெம்பு கிடையாது, அதனால் ஆழமான மடு, வளைவின் உட்புறம், பெரிய பாறைக்குப் பின்னால் ஓட்டம் தணியும் இடம், இங்கேதான் கூட்டமாக ஒதுங்கும். ஊற்று வந்து கலக்கும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். நிலத்தடி நீர் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் வருவதால் குளிர்காலத்தில் ஆற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும், கரையெல்லாம் பனி உறைந்திருக்க அங்கே மட்டும் உறையாமல் இருக்கும். மடு கிடைத்ததும் ஒருவர் அடிமட்டத்தில் போடட்டும், இன்னொருவர் அதற்கு ஒரு முழம் மேலே. யாருக்கு முதலில் கொத்துகிறதோ அந்த ஆழத்துக்கு மற்றவரும் மாறிக்கொள்ளலாம். இதில் போட்டி போட்டால் இரண்டு பேரும் வெறுங்கையோடுதான் வருவீர்கள்.

தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) மெல்லியதாக, தூண்டில் முள் சின்னதாக, இரையும் சின்னதாக இருக்கட்டும். முழு மண்புழு வேண்டாம், பாதி போதும். தக்கை சட்டென்று முங்கும் என்று காத்திருக்காதீர்கள். லேசாகச் சாயும், இல்லையென்றால் ஓட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது ஒரு நொடி நிற்கும், கடி அவ்வளவுதான். பின்னல் நூல் தண்ணீரை உறிஞ்சி விறைத்துக்கொள்ளும், அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தூண்டில் கம்பில் நூல் ஓடும் வளையங்களில் பனிக்கட்டி அடைத்தால் நகத்தால் பெயர்க்காமல் நுனியைத் தண்ணீரில் சற்று முக்கி எடுங்கள், கரைந்துவிடும் (நான் பெயர்க்கப்போய் நுனியையே உடைத்தவன்). அப்புறம் ஒன்று, மாற்று முட்களை முந்தின நாளே தங்கூசியில் கட்டி எடுத்துப் போங்கள், விறைத்த விரலால் முடிச்சுப் போடுவது நடக்காத காரியம்.

உடையில் பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே உடம்போடு ஒட்டும் கம்பளி, மேலே காற்றுப் புகாத ஒன்று. இரண்டு காலுறை மாட்டி ஷூவுக்குள் காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும்தான் குளிரும். தரையின் குளிர் ஏறாமல் காலடியில் ஒரு தடித்த பாய்.

சரி, நண்பன் எதற்கு? பேச்சுத் துணைக்கு மட்டும் என்றால் வீட்டிலேயே பேசலாம். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். உறைகுளிர்த் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். அந்த நேரம் நீந்த முயலாமல் மிதந்தபடி மூச்சை நிதானப்படுத்த வேண்டும். அதன்பின் சுமார் 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், அதற்குள் கரையேறிவிட வேண்டும். விழுந்தவரைக் காப்பாற்ற நண்பர் குதிக்கக் கூடாது. கயிறு வீசலாம், கம்பை நீட்டலாம், அதனால் 10 மீட்டர் கயிறும் நீர் புகாத பையில் ஒரு செட் உலர்ந்த துணியும் கட்டாயம். ஒருமுறை நான் வழுக்கி முழங்கால் வரை நனைந்தேன், 'நல்லா கடிக்குது, அப்புறம் மாத்திக்கிறேன்' என்றேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது எனக்கே தெரியவில்லை, நண்பன்தான் கவனித்து இழுத்துப் போனான். நாக்கு குழறுவது, பொத்தான் போட முடியாமல் தடுமாறுவது, நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுங்காமல் போவது, இதில் எதைப் பார்த்தாலும் தூண்டிலை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புங்கள், உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். சூட்டுக்கு என்று மது குடிப்பது வெறும் ஏமாற்று, தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்சூடுதான் வெளியேறும்.

திருப்பி விடப்போகும் மீன் என்றால் கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள், கடுங்குளிர்க் காற்றில் அதன் செவுளும் கண்ணும் சீக்கிரம் உறைந்துபோகும். படம் வேண்டுமென்றால் நண்பர் போனைத் தயாராகப் பிடித்த பிறகு தூக்குங்கள். அதுவரை போன் சட்டையின் உள்பையில் இருக்கட்டும், குளிரில் பேட்டரி பொசுக்கென்று இறங்கிவிடும்.