தம்புராவுக்குச் சுருதி சேர்க்கலாம், வாங்க

நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி, கஞ்சக்கருவி (உலோகத்தாலானது) என்று நம் வாத்தியங்களை நான்கு குடும்பமாகப் பிரிப்பார்கள். வீணையும் தம்புராவும் ஒரே குடும்பம். ஆனால் தம்புராவில் சுரங்களைப் பிரித்துக் காட்டும் மெட்டுகள் கிடையாது, அதில் பாட்டு வாசிக்க முடியாது. பாடுபவருக்கு ஆதார ஒலியான சுருதியைக் கொடுப்பதுதான் அதன் வேலை. சுருதிப்பெட்டி, செல்போன் செயலி எல்லாம் வந்துவிட்டாலும், கையால் சுருதி சேர்க்கப் பழகுவதைப் போலக் காதைத் தீட்டும் பயிற்சி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

1. முதலில் உங்கள் கட்டையை, அதாவது உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதி உயரத்தை, முடிவு செய்யுங்கள். ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டியும் பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். 1 கட்டைக்குக் கம்பி போட்ட தம்புராவை 5 கட்டைக்கு முறுக்காதீர்கள், கம்பி அறுந்துவிடும்.

2. நான்கு கம்பிகள் மீட்டும் வரிசை: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். பஞ்சமம் என்பது ‘ப’ சுரம். நடு இரண்டும் ஒரே ஸட்ஜம் (‘ஸ’). மந்தரம் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, அதாவது கீழ் ‘ஸ’.

3. கம்பிகளைத் தாங்கும் குதிரைமேல், கம்பிக்கு அடியில் இருக்கும் ஜீவா நூல்களை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு சாரணியைச் சேருங்கள். கம்பியை முறுக்கும் பிரடையை உள்ளே அழுத்தியபடியே திருப்ப வேண்டும், இல்லையென்றால் வழுக்கி இறங்கிவிடும். அடுத்து அனுசாரணி, மந்தரம், கடைசியாகப் பஞ்சமம்.

4. மீதமிருக்கும் இம்மி வித்தியாசத்துக்குக் குதிரைக்குப் பின்னால் இருக்கும் மணிகள். மணியைக் கம்பியின் முடிவுப் பக்கமாகத் தள்ளினால் சுருதி ஏறும், குதிரைப் பக்கம் நகர்த்தினால் இறங்கும்.

5. இனி ஜீவா. இங்கேதான் பொறுமை வேண்டும். நூலைக் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே செருகி, கம்பியை மீட்டிக்கொண்டே மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். மொட்டையாகக் கேட்ட ஒலி ஓரிடத்தில் சட்டென்று விரிந்து ரீங்கரிக்கும். அந்த இடம்தான், நிறுத்துங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் இடம் கொஞ்சம் மாறும். எனக்கு ஆரம்பத்தில் இதற்கே அரை மணி நேரம் ஆகும்.

6. அப்புறம் மீட்டுவது. பஞ்சமத்துக்கு நடுவிரல், மற்ற மூன்றுக்கும் ஆள்காட்டி விரல். நகம் படாமல், விரலின் சதையால் மெல்ல வருடுங்கள். பாட்டின் தாளத்தோடு சேர்ந்து ஓடாமல் ஒரே நிதானத்தில் போகட்டும்.

சரியாகச் சேர்ந்துவிட்டதா என்று பார்க்க, மந்தரத்தை மட்டும் மீட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். யாரும் தொடாத அந்தர காந்தாரம் என்னும் ‘க’ சுரம் அதற்குள்ளிருந்து மெல்ல எழுந்து வரும்.