ஈரத் தோலுக்கு வெயில் ஆகாது

ஐப்பசி பிறந்தால் என் பழுதுபார்க்கும் மேசைக்கு ஒரே மாதிரி ஷூக்கள் வர ஆரம்பித்துவிடும். முனை தூக்கி, நடுவில் விரிசல் விட்டு, அப்பளமாட்டம் விறைத்துப்போய். கொண்டுவருபவர் சொல்வதும் ஒன்றுதான்: “மழையில நனஞ்சிருச்சுண்ணே, வெயில்ல காய வச்சேன்.” துடையுங்கள், பாலிஷ் போடுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். தோல் ஷூ, பைகளைப் பாழாக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஈரத்தை அவசரமாகக் காயவைப்பது

ஆம்பூரில் வேலை பழகிய புதிதில், முதல் சம்பளத்தில் வாங்கிய ஷூவை நானே இப்படித்தான் பாழாக்கினேன். அடைமழையில் ஊறிப்போனதை, காலை ஷிப்டுக்கு வேண்டுமே என்று ராத்திரி விறகடுப்பு ஓரம் வைத்தேன். விடிந்ததும் கால் நுழையவில்லை. வலிய நுழைத்து இரண்டடி வைத்தேன். விரல் மடியும் இடத்தில் ‘சடக்’கென்று சத்தம். மேல்தோல் பிளந்து, உள்ளே வெளிறிய நார் தெரிந்தது.

பதனிடும்போதே தோலுக்குள் எண்ணெய் ஏற்றுவார்கள். நார்கள் ஒட்டாமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி வளைவது அதனால்தான். ஈரத்தோடு சூடு பட்டால் அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த தோல் தாங்குகிற சூட்டை ஈரத்தோல் தாங்காது. கடுக்காய், ஆவாரம்பட்டையில் பதனிட்டது குரோம் தோலைவிட (குரோமிய உப்பில் பதனிட்டது) குறைந்த சூட்டிலேயே சுருங்கும். சுருங்கியதை எந்தக் கிரீமும் மீட்காது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இன்னமும் ஹேர் டிரையரைத் தூக்குகிறார்கள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது.

நனைந்த ஷூவைத் துணியால் ஒற்றி எடுங்கள். லேஸையும் உள்ளட்டையையும் கழற்றுங்கள். செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரம் ஏற ஏற மாற்றுங்கள். உள்துணி வெள்ளை என்றால் அச்சில்லாத தாள். பக்கவாட்டில் சாய்த்து, நிழலில், ஃபேன் காற்றில் விடுங்கள். இரண்டு நாள் ஆனால் ஆகட்டும். லேசாக ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் கண்டிஷனர் (தோலை மென்மையாக வைக்கும் கிரீம்) தடவினால் விறைக்காது.

தேங்காய் எண்ணெய்

வேண்டாம். நிறம் கறுக்கும், புழுதி ஒட்டும், நாளானால் சிக்குவாடை அடிக்கும்.

பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பது

கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற ஹேண்ட்பேக்குகள் பூசணம் பூப்பது பெரும்பாலும் இதனால்தான். காற்றுப் போகவேண்டும், பழைய பருத்தித் தலையணை உறை போதும். பூசணம் வந்துவிட்டால் வீட்டுக்குள் தட்டாதீர்கள், வெளியே கொண்டுபோய்த் துடையுங்கள்.

ஸ்வேடுக்கு ஷூ பாலிஷ்

பஞ்சுபோல் நார் எழுந்த தோல்தான் ஸ்வேடு. அதற்குப் பாலிஷ் கூடவே கூடாது.

உரிகிற பையைக் காப்பாற்றப் பார்ப்பது

உரிந்த இடத்தில் நாருக்குப் பதிலாக நெசவுத்துணி தெரிகிறதா? அது தோலே இல்லை, துணிமேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். அதற்குக் கண்டிஷனர் வாங்கிக் காசை விடாதீர்கள்.