ஈவே பில்லும் எக்செல்லும்: ஆபீஸில் நிரல் எழுதத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சிப் பக்கத்து நார் மில் ஆபீஸ்களில் காலை வேலை ஏறக்குறைய ஒன்றுதான். லோடு ஏறும்போதே பில் போட வேண்டும், சரக்கோடு லாரியில் போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான ஈவே பில்லை (e-way bill) எடுக்க வேண்டும், லாரி கேரள எல்லைப் பக்கத்துக் கோபாலபுரம் தாண்டுவதற்குள் ஆலப்புழைப் பார்ட்டிக்கு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். இதில் பாதி வேலையை எக்செல் ஃபார்முலாவும் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய சின்னதொரு நிரலும் செய்து கொடுத்துவிடும். தைரியமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும்.

எண் போலத் தெரிவதையெல்லாம் எண் என்று நம்புவதுதான் பெரிய தவறு. ஈவே பில் எண் 12 இலக்கம். எக்செல்லில் அப்படியே அடித்தால் 5.31 என்று தொடங்கி அடுக்குக்குறி போட்டுச் சுருக்கிக் காட்டும். உள்ளே எண் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கோலத்தில் சிஎஸ்வி (CSV, வெறும் எழுத்துகளாக வைக்கும் அட்டவணைக் கோப்பு) கோப்பாகச் சேமித்தால் சுருங்கியதுதான் பதிவாகும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். வங்கிக் கணக்கு எண் இன்னும் ஆபத்து. எக்செல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண் என்றால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை (காலம், column) டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். பைத்தானில் படிக்கும்போதும் இவற்றை எழுத்தாகவே படிக்கச் சொல்லுங்கள்.

இதே தவறு எனக்கு வேறு வேஷத்தில் வந்தது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, கேரளம் 32, ஆந்திரம் 37. அதை வைத்து, 33 என்றால் மாநிலத்துக்குள் விற்பதற்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, இல்லையென்றால் வெளிமாநிலத்துக்கு விற்பதற்கான ஐஜிஎஸ்டி என்று ஃபார்முலா போட்டேன். கேரள பில்கள் சரியாக வந்ததால் நிம்மதியாக இருந்துவிட்டேன். கோயம்புத்தூர் பார்ட்டிக்கும் ஐஜிஎஸ்டி விழுந்திருப்பது ரிட்டர்ன் போடும் நேரத்தில்தான் தெரிந்தது. முதல் இரண்டு இலக்கத்தை எடுக்க நான் போட்ட லெஃப்ட் (LEFT) ஃபார்முலா வெட்டிக் கொடுப்பது எழுத்து. நான் ஒப்பிட்டதோ எண். 33ஐ மேற்கோள் குறிக்குள் போட்டதும் சரியானது. அதனால் புது ஃபார்முலா போட்டால் உள்ளூர் பில், கேரள பில் இரண்டையும் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வகையை மட்டும் சோதித்தால் போதாது.

பட்டியலில் தேடி எடுக்கும் விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலா போடும்போது கடைசி இடத்தில் ஃபால்ஸ் (FALSE) எழுத மறக்காதீர்கள். விட்டுவிட்டால் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். ஒரு பார்ட்டிக்கு இன்னொரு பார்ட்டியின் ரேட் வரும், எந்த எச்சரிக்கையும் வராது.

அப்புறம், எக்செல்லுக்குள்ளேயே எழுதி ஓட்டும் சின்ன நிரலான மேக்ரோவை அசல் கோப்பில் ஓட்டாதீர்கள். மேக்ரோ ஓடி முடிந்த பிறகு கன்ட்ரோல்-இஸட் அடித்தாலும் பழையது திரும்பாது. தேதி போட்ட நகலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அசலைத் தொட வேண்டும். பழைய எக்ஸ்எல்எஸ் (.xls) கோப்பு வடிவத்தையும் விட்டுவிடுங்கள். அதில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. 2020இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் விடுபட்டது இந்த வரம்பால்தான்.

கடைசியாக ஒன்று: எழுதியவருக்கு மட்டுமே புரிகிற நிரல் ஆபீஸுக்கு உதவாது. அவர் ஒரு நாள் லீவு போட்டால் லோடு நின்றுவிடும். எங்கள் கோப்பின் முதல் ஷீட்டில் எந்தப் பட்டன் என்ன செய்யும், எந்தப் பத்தியைத் தொடக் கூடாது என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். போன மாதம் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி அதைப் பார்த்தே தனியாக நாலு பில் போட்டாள்.